மேற்குச் சரிவில் இறங்கிய வண்டி

அந்த வண்டியைப் பார்த்ததும் செல்வராணிக்குத் தோன்றியது ஒன்றுதான். குவாரியை மறுபடியும் திறக்கப் போகிறார்கள்.

காலை ஒன்பது மணி இருக்கும். ஜன்னலோரத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அன்னவாசல் கடைக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் அறுபது சட்டை போக வேண்டும். வெள்ளைப்பாறைப்பட்டியில் கடைசி வீடு அவளுடையது. அதைத் தாண்டினால் கருவேலங்காடு, அப்புறம் குவாரி. ஆறு வருஷமாக ஆடு மேய்ப்பவர்களைத் தவிர அந்தப் பாதையில் போனவர்கள் கிடையாது. இன்றைக்கு ஒரு வெள்ளை வேன் போயிற்று. அதன் பின்னாலேயே ஊராட்சித் தலைவர் நல்லதம்பியின் புல்லட்டும் போயிற்று.

செல்வராணி மெஷினை நிறுத்தினாள். விறகு பொறுக்கப் போகிறவளைப் போல ஒரு சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

குவாரியின் கிழக்கு ஓரத்தில், உடைத்துக் குவித்த கற்களின் மேல் அது ஏறிக்கொண்டிருந்தது. சின்ன சூட்கேஸ் அளவுக்கு உடம்பு. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சக்கரம். சக்கரம் என்றுதான் முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தால் வட்டத்தையே காணோம். நடுவிலிருந்து மூன்று கம்பிகள் மட்டும் மூன்று திசையில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் செருப்பைப் போல ஒரு ரப்பர் துண்டு. அவை சுழலும்போது ஓடுகிறதா நடக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. டக் டக் டக்கென்று சத்தம். முழங்கால் உயரக் கல் ஒன்று குறுக்கே வந்தது. வண்டி ஒரு நொடி தயங்கியது. பிறகு முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக் கல்லின் மேல் போட்டு, உடம்பை இழுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டது.

அதன் நெற்றியில் ஒரு கேமரா வேறு இருந்தது.

"என்ன செல்வராணி, விறகா?" என்றார் நல்லதம்பி. வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். "காலேஜ்லேர்ந்து கலெக்டர் லெட்டரோட வந்திருக்காங்க. ப்ராஜெக்ட்டாம். ஒரு வாரம் இங்கிட்டு இருப்பாங்க."

"எதுக்கு?"

கையில் ரிமோட்டை வைத்திருந்த பெண் திரும்பிச் சிரித்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தாள்.

"ரோபோங்கக்கா. கரடுமுரடான எடத்துல எப்படி ஏறுதுன்னு டெஸ்ட் பண்றோம். கரப்பான் பூச்சியப் பாத்துச் செஞ்சது."

"கரப்பான் பூச்சியையா?"

"ஆமாக்கா. சமதரையில ஓடும்போது அது காலு மாறி மாறித்தான் வரும். உசரமா ஏதாவது வந்துச்சுன்னா முன்னங்கால் ரெண்டையும் சேத்துத் தூக்கும். இதுக்கும் அப்படித்தான், அச்சுக்குள்ள ஸ்பிரிங் வச்சிருக்கோம். கல்லு தடுத்தா முன்னால போன காலு நிக்கும், பின்தங்குன காலு வந்து சேந்துக்கும். மேல ஏறுனதும் மறுபடி தானா பிரிஞ்சிக்கும்."

அழகாகத்தான் சொன்னாள். ஆனால் கரப்பான் பூச்சியைப் பார்த்து வண்டி செய்கிறவர்கள் அதை ஓட்டிப் பார்க்க இந்தக் குவாரிக்கு ஏன் வர வேண்டும்? மாவட்டத்தில் வேறு பாறையே இல்லையா? கூட்டி வந்தவர் நல்லதம்பி வேறு. குவாரி ஓடிய காலத்தில் அவர்தான் அங்கே மேஸ்திரி. ஓனர் ரகுநாத்தின் வலது கை. குவாரி மூடிய மறுவருஷத்துத் தேர்தலில், ஓனரின் தயவில், தலைவரும் ஆகிவிட்டார்.

வேன் நம்பரை மனசில் குறித்துக்கொண்டு, இரண்டு கருவேலங்குச்சிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திருச்சியில் நர்ஸிங் படிக்கும் மகள் அன்புமொழிக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"காலேஜ் ப்ராஜெக்ட்டும்மா. எல்லாத்தையும் சந்தேகப்படாத," என்றாள் மகள்.

"சந்தேகப்படாம இருந்ததுக்கு என்ன கெடச்சுது எனக்கு?"

மகள் பரீட்சை வருகிறது என்று பேச்சை மாற்றினாள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பெண்ணே வாசலில் வந்து நின்றாள். பெயர் தேவிப்ரியா, ஊர் அறந்தாங்கி. வேனில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பழுதாகிவிட்டதாம். பேட்டரி சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா என்று கேட்டாள்.

"தலைவர் வீட்டுல கேக்கலையா?"

"அங்க போய் வர நேரமாகுதுக்கா. அவரும்…" என்று இழுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

செல்வராணி உள்ளே விட்டாள். உதவி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. வீட்டுக்குள் வந்தவளை விசாரிக்க வசதி என்றுதான். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள். கண் மட்டும் அந்தப் பெண்ணின் மடியிலிருந்த லேப்டாப்பை விட்டு நகரவில்லை. திரையில் குவாரி இருந்தது. மேலிருந்து பார்ப்பதுபோல் பள்ளமும் மேடும், குறுக்கே சிவப்புக் கோடுகளும்.

"அது சர்வே மேப்புதானே?" என்றாள் பட்டென்று. "மறைக்காத. குவாரிய யாரு எடுக்கப் போறா?"

தேவிப்ரியா திகைத்துப் போய் லேப்டாப்பையே அவள் பக்கம் திருப்பினாள். "இல்லக்கா, சத்தியமா இல்ல. வண்டி போன தடம்தான் இது. எந்தக் கல்லுல ஏறுச்சு, எதுல கவுந்துச்சுன்னு கோடு போட்டு வச்சிருக்கோம். இத நாங்க செய்யறதே வேற எதுக்கோ. பூகம்பம் வந்து, இல்ல கட்டடம் இடிஞ்சு, ஆளுங்க உள்ள மாட்டிக்கிட்டா மனுசன் நொழைய முடியாதுல்ல? அந்த இடுக்குல இத அனுப்பி உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கலாம். அதுக்குத்தான் கேமரா."

செல்வராணி காலரைத் திருப்பிப் போட்டாள்.

"அண்ணன் வேலைக்குப் போயிருக்காங்களாக்கா?"

"திருப்பூர்ல," என்றாள். ஆறு வருஷமாக எல்லோருக்கும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்லி வருகிறாள்.

கேட்காமலேயே தேவிப்ரியா பேச்சைத் தொடர்ந்தாள். "நெசத்துக்கு எங்களுக்கு மேற்குப் பக்கம்தான்க்கா வேணும். பெரிய பெரிய பாறையா சரிஞ்சு கெடக்கு, நடுவுல பொந்து பொந்தா இருக்கு. அச்சு அசலா இடிஞ்ச கட்டடம் மாதிரியே. ஆனா தலைவர் விட மாட்டேங்கிறாரு. மொத நாள் பாம்பு இருக்குன்னாரு. நேத்து கல்லு சரியும்னாரு. இன்னைக்குக் காலையில சாருக்குப் போன் பண்ணி, அந்தப் பக்கம் கோர்ட்டு கேஸுல இருக்கு, காலே வைக்கக் கூடாதுன்னுட்டாரு."

மெஷினில் நூல் அறுந்தது.

"கேஸா? எந்தக் கேஸு?"

"தெரியலக்கா."

ஊரில் எந்தக் கேஸும் இல்லை. இருந்தால் செல்வராணிக்குத் தெரியாமல் போகாது. ஒரு இடத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு மூன்று நாளில் மூன்று காரணம் சொல்கிறவர் நான்காவதாக ஒன்றை மறைக்கிறார்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. யோசிக்கக் கூடாது என்று ஆறு வருஷமாக மூடி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

அது கஜா புயலுக்கு முந்தின வாரம். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். குவாரி ஆட்களில் பாதிப்பேர் பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பி வந்திருக்கவில்லை. அன்று காலை அவளுக்கும் குவாரியில் துளை போடும் வேலை பார்த்த புருஷன் பெரியகருப்பனுக்கும் சண்டை. தீபாவளிக்கு அவள் அம்மா வீட்டார் வந்தபோது அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று. "இந்த வீட்டுல இருக்கறதுக்கு எங்கிட்டாவது போயிறலாம்," என்றான். "போங்க, யாரு புடிச்சு வச்சா?" என்றாள். சொன்னாலும் சோற்றைக் கட்டிக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினாள். மூன்றடுக்கு கேரியர். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் நல்ல மழை. குவாரியின் மேற்குப் பக்கம் சரிந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. ஓடிப் போய்ப் பார்த்தவர்களிடம் ஓனர், "நல்லவேளை, கீழ யாருமில்ல," என்றார். பெரியகருப்பன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை நல்லதம்பி வந்தார். "ஒன் வீட்டுக்காரன் நேத்து மத்தியானமே வேலையப் போட்டுட்டுக் கெளம்பிட்டான் தங்கச்சி. நான்தான் பைக்குல கொண்டு போய் அன்னவாசல்ல பஸ் ஏத்திவிட்டேன். திருப்பூருன்னான்," என்றார். சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம் இருந்தது.

அவள் நம்பினாள். காலையில் போட்ட சண்டை நம்ப வைத்தது. அடுத்த வாரம் புயல் வந்தது. ஊரில் ஒரு தென்னை நிற்கவில்லை, ஒரு மாதம் கரண்ட் இல்லை. யார் எங்கே போனார்கள் என்று தேட யாருக்கும் நேரமில்லை. தை மாதம் அவளே ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனிகளின் வாசல் வாசலாக நின்றாள். ஒரு வாட்ச்மேன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்தச் சாடையில ஒருத்தர் குடும்பத்தோட அங்கேரிபாளையம் பக்கம் இருக்காருங்க," என்றார். குடும்பத்தோடு. அந்தச் சொல்லைக் கேட்டதும் மேலே தேடாமல் திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி பீரோவுக்கு அடியில் தள்ளினாள்.

ஒன்று மட்டும் அன்றே உறுத்தியது. மத்தியானமே திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறவன் சோற்றுக் கேரியரை என்ன செய்தான்? குவாரியில் வைத்திருந்தால் நல்லதம்பி கொண்டு வந்து கொடுத்திருக்க மாட்டாரா? அதை அவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். புருஷன் ஓடிப்போன வீட்டில் பாத்திரத்துக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று ஊர் சிரிக்கும் என்று கேட்காமல் விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நேராகக் குவாரிக்குப் போனாள். சாக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் அரவிந்த்குமாரின் முன்னால் போய் நின்றாள். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். நாலு நாளில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், அந்த வண்டிய மேற்குப் பக்கம் விடணும்."

"அங்க பர்மிஷன் இல்லைங்களேம்மா."

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் கெடக்காருன்னு நெனக்கிறேன்."

ஆறு வருஷத்தில் அந்த நினைப்பை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிக் காதில் விழுந்த பிறகுதான் அதைத் தான் எப்போதோ நினைத்துவிட்டது தெரிந்தது. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். தேவிப்ரியாவின் கையிலிருந்த ரிமோட் கீழே இறங்கிவிட்டது.

அரவிந்த்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு நாற்பதடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று பேசினார். செல்வராணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்லதம்பியைத்தான் கூப்பிடுகிறார். இன்னும் பத்து நிமிஷத்தில் புல்லட் சத்தம் கேட்கும், வண்டியைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இந்த ஜென்மத்தில் அந்தப் பாறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியப்போவதில்லை.

"யாரு கிட்ட பேசுறாரு ஒங்க சாரு?"

"தெரியலக்கா," என்றாள் தேவிப்ரியா. அவள் குரலிலும் சந்தேகம் இருந்தது.

அவர் திரும்பி வந்தார். "காலேஜ்ல நீளமான கேபிள் இருக்கு, நூறு மீட்டர். எடுத்துட்டு வரச் சொன்னேன். பாறைக்குள்ள ரிமோட் சிக்னல் கெடைக்காது," என்றார். பிறகு மெதுவாக, "அம்மா, உள்ள எதுவும் இல்லாமலும் போகலாம். அதையும் மனசுல வச்சுக்கங்க," என்றார்.

இல்லாமல் போனால் நிம்மதியா, இருந்தால் நிம்மதியா?

கேபிள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பாறை அனலாகக் கொதித்தது. மேற்குச் சரிவில் வீடு அளவுக்குப் பெயர்ந்து விழுந்த கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அடியில் ஓரிடத்தில் ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. அதன் வாயில் வண்டியை வைத்தார்கள். வால் போலக் கேபிள் கட்டி, நெற்றியில் விளக்கைப் போட்டார்கள். டக் டக்கென்று அது உள்ளே போயிற்று. சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது.

மூன்று பேரும் வேனின் நிழலில் லேப்டாப்பின் முன்னால் குனிந்திருந்தார்கள். திரையில் முதலில் தூசிதான். பிறகு பாம்புச் சட்டை ஒன்று. வெளவால்கள் கலைந்து பறந்தன. சின்னக் கற்களின் மேல் கால் மாறி மாறி விழும்போது படம் மெல்லக் குலுங்கியது. பெரிய கல் வந்தால் நின்று, இரண்டு காலும் சேர்ந்து எழும்பி, முகட்டைப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. ஒரு சரிவில் அப்படியே தலைகீழாக உருண்டு விழுந்தது.

"போச்சா?" என்றாள் செல்வராணி.

"இல்லக்கா, அதுக்கு மேலு கீழு கெடையாது. கவுந்தாலும் நடக்கும்." தேவிப்ரியா படத்தைத் திருப்பிப் போட்டாள். வண்டி நடந்தது.

பதினெட்டு மீட்டரில் ஒரு கருப்புக் குழாய் தெரிந்தது. பாறைக்கடியிலிருந்து வளைந்து வந்து கிடந்தது. "கம்ப்ரசர் ஓஸு," என்றாள் செல்வராணி. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "துளை போடுற மெஷினுக்குக் காத்து போற ஓஸு." குழாயைத் தொடர்ந்து போனார்கள். பாதி நசுங்கிய துளை மெஷின். அதற்கப்பால் இரண்டு பெரிய பாறைகள் கூரைபோல முட்டி நிற்க, அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். வண்டி அதன் விளிம்பில் ஏற முயன்றபோது ஒரு கால் பாறையிடுக்கில் சிக்கி முறிந்தது. ஐந்து காலோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

விளக்கு வெளிச்சத்தில் ஏதோ பளபளத்தது.

ஒரு தட்டைக் கல்லின் மேல் கேரியரின் இரண்டு அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. மூடி பக்கத்தில் இருந்தது. மூடியின் மேல் பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. தேவிப்ரியா பெரிதாக்கினாள். தூசிக்கு அடியில் மெல்ல மெல்லப் படிக்க முடிந்தது.

செல்வராணி தன் பெயரைப் படித்தாள்.

கேமரா கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது. மூன்றாவது அடுக்கு தனியாக, பாறைச் சுவரின் அடியில் இருந்தது. அதற்கு நேர் மேலே பாறையில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் துண்டுத் துணி ஒன்று திரியாகத் திணிக்கப்பட்டிருந்தது. துணியின் நுனி அடுக்குக்குள் தொங்கியது. அடுக்கின் உட்பக்கத்தில் தண்ணீர் நின்று வற்றிய வெள்ளைக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

துணியோடு பிழைப்பு நடத்துகிறவள் அவள். தானாகக் கிழிந்த துணிக்கும் கையால் கிழித்த துணிக்கும் வித்தியாசம் பார்த்ததும் தெரியும். இது தோள் துண்டின் கரையைப் பல்லால் கடித்து, நேர் இழையில் கிழித்த துணி. ஆத்திரப்படாமல், நிதானமாகக் கிழித்தது.

இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனால் என்ன தெரியும் என்று மூன்று பேருக்குமே புரிந்தது. ஒரு சட்டையின் விளிம்பு திரைக்குள் வந்தது. தேவிப்ரியா கேமராவை அணைத்துவிட்டாள்.

"அணைக்காத, போடு," என்றாள் செல்வராணி.

"வேணாங்கக்கா."

அப்போதுதான் புல்லட் சத்தம் கேட்டது. பொந்துக்குள் போகும் கேபிளைப் பார்த்ததும் நல்லதம்பி வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். வண்டி சாய்ந்து விழுந்தது.

"யாரு இங்க விடச் சொன்னா? எடுங்கய்யா வெளிய! கேஸு இருக்குன்னு சொன்னேன்ல!" கேபிளைப் பிடித்து இழுக்கப் போனார்.

அரவிந்த்குமார் குறுக்கே வந்து நின்றார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. "கையை எடுங்க. எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு. நான் போலீஸுக்குச் சொல்லியாச்சு."

நல்லதம்பி லேப்டாப்பைப் பார்த்தார். திரை கருப்பாக இருந்தது. செல்வராணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தபிறகு திரையில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கொதிக்கும் பாறையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஓனர் சொன்னாரு," என்றார். "பர்மிட்டுக்கு மீறி வெடி வச்சிருந்தோம். ஆளு செத்தது வெளிய தெரிஞ்சா எல்லாரும் உள்ள போவணும்னாரு. கல்ல நகட்டுனா மிச்சமும் சரியும்னாரு. நான் என்ன செய்யட்டும் தங்கச்சி…"

"தங்கச்சின்னு கூப்பிடாத," என்றாள். அவரிடம் அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை. "ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு உள்ள இருந்து கூப்பிட்டாரா?"

"இல்ல. இல்ல செல்வராணி. ஒடனே முடிஞ்சு போச்சு. என் புள்ளைங்க மேல சத்தியமா, ஒரு சத்தம் கூட வரல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருப்பூருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன் என்று சொன்னபோது இருந்த அதே வருத்தம். உள்ளே ஒரு மனிதன் துண்டைக் கிழித்துத் திரி செய்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறான். ஒரு நாளா, மூன்று நாளா? புயல் மழை வரைக்குமா? அந்த நாட்களில் அவள் முந்நூறு அடி தள்ளி, வீட்டில் உட்கார்ந்து, ஓடிப் போனவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸும் தாசில்தாரும் வந்தார்கள். மறுநாள் கிரேனும் இரண்டு பொக்லைனும் வந்தன. கற்களை நகர்த்த நாலு நாள் ஆயிற்று. ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்று நிறையப் பேர் சொன்னார்கள். இத்தனை பேருக்கு இருந்த சந்தேகம் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தன் வீட்டு வாசலுக்கு வரவில்லையே என்று செல்வராணி நினைத்துக்கொண்டாள்.

ஓனர் ரகுநாத்தைத் திருச்சியில் பிடித்தார்கள். நல்லதம்பி தானே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார் என்றார்கள். "ஒடனே இறந்துவிட்டான்" என்றுதான் அதிலும் எழுதியிருந்ததாம்.

எலும்புகள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தன. அன்புமொழி அப்பாவுக்குக் கொள்ளி வைத்தாள். பெண் பிள்ளை வைப்பதா என்று முணுமுணுத்த பங்காளிகளைச் செல்வராணி ஒரு பார்வையில் அடக்கினாள்.

காரியம் முடிந்த மறுநாள் தேவிப்ரியா வந்தாள். போலீஸுக்குக் கொடுத்தது போக ரெக்கார்டின் நகல் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள். காலேஜில் எல்லோரும் அந்த வண்டியைப் பற்றியே பேசுகிறார்களாம். முறிந்த காலை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள், அன்புமொழி உள்ளே காபி போடப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அந்தக் கேரியர் அடுக்கு… தண்ணிக்கு வச்சிருந்தது… நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"போலீஸுக்கு அது வெளங்குன மாதிரி தெரியல. கல்லு நகட்டும்போது எல்லாம் கலஞ்சு போச்சு. இப்ப ரெக்கார்டுல மட்டும்தான் இருக்கு. நான் சொல்லணுமா வேணாமான்னு…"

செல்வராணி யோசித்தாள். இத்தனை நாளாக அவள் யோசித்ததும் அதுதான்.

"வக்கீலுகிட்ட சொல்லு," என்றாள். "அவரு கூப்புடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே அவனுங்க மூடி மறைச்சானுங்கன்னா அது வேற கேஸு. அத விடக் கூடாது. ஆனா கேஸு கோர்ட்டுக்கு வர்ற வரைக்கும் அன்புகிட்ட வாயத் தொறக்காத. அவ பரீட்ச எழுதட்டும்."

தேவிப்ரியா தலையாட்டினாள். காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அன்புமொழி டம்ளர்களை எடுக்க வந்தாள். எடுத்தவள் போகவில்லை.

"என்னம்மா சொன்னாங்க அந்த அக்கா?"

"ஒண்ணுமில்ல. வண்டியப் பத்தி."

"அப்பாவுக்கு…" அவள் டம்ளரைக் கையில் உருட்டினாள். "ஒடனேதானேம்மா? வலி ஒண்ணும் இல்லாம?"

"ஒடனேதான்," என்றாள் செல்வராணி. "சத்தமே வரலன்னு நல்லதம்பி சொன்னான்ல."

மெஷினுக்குப் போய் உட்கார்ந்து மிச்சமிருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்தாள். காலர் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் டம்ளர் கழுவும் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

அன்புமொழி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.